சூரியன் மறைஞ்சதும் கேமராவை மூடிடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல சூரிய அஸ்தமனத்தை டைம்லாப்ஸ் வீடியோவா (மெதுவா நடக்கிறதை இடைவெளி விட்டு விட்டுப் படம் பிடிச்சு வேகமா ஓட்டிக் காட்டுறது) எடுக்கிறது எப்படின்னு ஒரு குறிப்பு போட்டிருந்தீங்க. பார்த்ததும் அவ்வளவு சந்தோஷம், ஏன்னா நான் பல வருஷமா ஒரு பழைய ஸ்டில் கேமராவை வச்சுக்கிட்டு இதே வேலையத்தான் செஞ்சுட்டு இருக்கேன், இதைப்பத்தி ஒரு தமிழ் பேப்பர்ல நாலு வரி வந்தாக்கூட எனக்குப் பெரிய விஷயம். ஆனா படிச்சு முடிச்சதும் மனசு ஒப்பல. வீடியோவை ஓட விட்டுட்டு அப்புறமா வேகத்தைக் கூட்டிக்கலாம், சூரியன் முழுசா இறங்கினதும் நிறுத்திடலாம்னு அதுல இருந்துச்சு. இந்த ரெண்டையும் நம்பி யாராவது ஒரு சாயங்காலத்தைச் செலவு பண்ணினா அவங்களுக்குக் கிடைக்க வேண்டியதுல பாதிக்கு மேல கிடைக்காமப் போயிடும், அதான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கங்க.

முதல்ல கணக்கு. பூமி 24 மணி நேரத்துல ஒரு சுத்து சுத்துது, மணிக்கு 15 டிகிரி, 4 நிமிஷத்துக்கு 1 டிகிரி. வானத்துல சூரியனோட அகலம் நம்ம பார்வைக்கு அரை டிகிரிதான். அப்போ சூரியனோட கீழ் விளிம்பு அடிவானத்தைத் தொட்டதுல இருந்து மேல் விளிம்பு மறையற வரைக்கும் சுமார் 2 நிமிஷம், நிலநடுக்கோட்டை விட்டு வடக்கயோ தெற்கயோ தள்ளிப் போகப் போக சூரியன் சாய்வா இறங்குறதால 3, 4 நிமிஷம்கூட ஆகும். 5 செகண்டுக்கு ஒரு போட்டோன்னு எடுத்தா 2 நிமிஷத்துக்கு 24 போட்டோ, வீடியோவுல ஒரு செகண்டுக்கு 25 போட்டோ ஓடும், ஆக நாம அவ்வளவு நேரம் காத்துக்கிட்டு இருந்த அந்த மறையற காட்சி வீடியோவுல ஒரு செகண்டுக்குள்ள முடிஞ்சு போயிடும். அதோட நிறுத்திட்டா பார்க்கிறவங்களுக்கு ஒரு வெளிச்ச உருண்டை கீழ விழுந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். இன்னொண்ணும் சொல்றேன், காத்து ஒளியை வளைக்கிறதால அடிவானத்துல உக்காந்திருக்கிற மாதிரி தெரியற சூரியன் நிஜத்துல அதுக்கு முன்னாடியே அடிவானத்துக்குக் கீழ இறங்கியிருக்கும், அந்த வளைவு அரை டிகிரிக்குக் கொஞ்சம் மேல, கிட்டத்தட்ட ஒரு முழு சூரியன் அளவு.

சரி, மறைஞ்சதுக்கு அப்புறம் என்ன இருக்குன்னு கேப்பீங்க. அங்கதான் மொத்தமும் இருக்கு. உச்சியில இருந்து வர்ற வெளிச்சத்தோட ஒப்பிட்டா அடிவானத்துல இருந்து படுக்கையா வர்ற வெளிச்சம் கிட்டத்தட்ட 38 மடங்கு காத்தைத் தாண்டி வரணும், நீல நிறம் சிவப்பை விட அஞ்சு ஆறு மடங்கு அதிகமா வழியிலயே சிதறிப் போயிடும் (இதை 1871லயே ரேலிங்கிற ஆங்கிலேய விஞ்ஞானி கணக்குப் போட்டுச் சொல்லிட்டாரு), கடைசியில வந்து சேர்றது மஞ்சளும் செவப்பும்தான். நமக்கு சூரியன் மறைஞ்சு போனாலும் மேல இருக்கிற மேகத்துக்கு மறையல, உயரத்துல இருக்கிறவனுக்கு அடிவானம் இன்னும் கீழ இருக்கும் இல்லையா, அதே மாதிரி. 2 கிலோமீட்டர் உயரத்துல தலைக்கு மேல இருக்கிற மேகத்துக்கு இன்னும் ஒரு 6 நிமிஷம் வெயில் அடிக்கும், 10 கிலோமீட்டர்ல பஞ்சைப் பிய்ச்சுப் போட்ட மாதிரி இருக்குமே அந்த மேகத்துக்கு 12, 13 நிமிஷம், மேற்குல தள்ளி இருக்கிற மேகத்துக்கு அதுக்கும் மேல. அதுவும் கீழ இருந்து அடிக்கிற வெயிலு, அதனாலதான் மேகத்தோட அடிவயிறு செவந்து தெரியுது. தாழ்ந்த மேகம் முதல்ல சாம்பலா ஆகும், அப்போ உயர்ந்த மேகம் தகதகன்னு இருக்கும், நிழல் கிழக்குல இருந்து கிளம்பி தலைக்கு மேல நகர்ந்து மேற்குப் பக்கமா போகும். நேர்ல பார்க்கும்போது இது மெதுவா நடக்கிறதால நமக்கு உறைக்காது, டைம்லாப்ஸ்ல ஓட்டிப் பார்த்தா நிழல் நடந்து போறது அப்படியே தெரியும். அதை முதல் தடவை பார்த்தப்போ அது பூமியோட நிழலுன்னு புரிஞ்சு நான் கொஞ்ச நேரம் பேசாம உக்காந்துட்டேன்.

ஒரு சாயங்காலம் நல்லா ஞாபகம் இருக்கு. மேற்கு முழுக்க மேகம், சூரியன் ஒரு மங்கலான கறை மாதிரி இறங்கிப் போயிடுச்சு, கலரே இல்ல, பக்கத்துல கேமராவோட நின்னவங்க எல்லாரும் மூட்டை கட்டிட்டுக் கிளம்பிட்டாங்க. பேட்டரி இருக்கேன்னு நான் மட்டும் ஓட விட்டேன். பத்து நிமிஷம் ஒண்ணுமே இல்ல, சாம்பல் மேல சாம்பல். பன்னெண்டாவது நிமிஷம் உச்சியில ஒரு மூலையில ரோஸ் கலர் ஒரு கோடு, அது பரவி பரவி மூணு நிமிஷத்துல பாதி வானம் பத்திக்கிச்சு, அப்புறம் நாலு நிமிஷத்துல அணைஞ்சும் போச்சு. அன்னைக்கு எடுத்ததுதான் இன்னைக்கு வரைக்கும் நான் எடுத்ததுல நல்லது. சூரியன் மறைஞ்சதும் நிறுத்தியிருந்தா அந்த வீடியோவுல ஒண்ணுமே இருந்திருக்காது.

இப்போ ஏன் வீடியோ வேண்டாம், ஏன் ஸ்டில் கேமராங்கிறதும் இதுல இருந்துதான் வருது. சூரியன் மறைஞ்சதுல இருந்து இருபது நிமிஷம், அதிகமாப் போனா அரை மணி நேரத்துக்குள்ள வெளிச்சம் நூறு மடங்குக்கு மேல குறையுது, கேமராக்காரங்க பாஷையில சொன்னா சுமார் 7 ஸ்டாப் (வெளிச்சம் பாதியாக் குறைஞ்சா ஒரு ஸ்டாப்), 3, 4 நிமிஷத்துக்கு ஒரு ஸ்டாப் கணக்கு. வீடியோ ஒரு செகண்டுக்கு 25 படம் எடுத்தாகணும், அதனால வெளிச்சத்தை உள்ள விடற ஷட்டர் ஒரு படத்துக்கு 1/25 செகண்டுக்கு மேல திறந்திருக்க வழியே இல்ல, வெளிச்சம் குறைஞ்சா ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்தை உணர்ற அளவை, ஏத்துறதைத் தவிர அதுக்கு வேற கதி கிடையாது, படம் பூரா புள்ளி புள்ளியா ஆயிடும். ஸ்டில் கேமராவுக்கு அந்தக் கட்டாயம் இல்ல. 5 செகண்டுக்கு ஒரு போட்டோன்னா அதுல 2 செகண்டு தாராளமா ஷட்டரைத் திறந்து வைக்கலாம், 1/25 செகண்டோட ஒப்பிட்டா 50 மடங்கு வெளிச்சம் உள்ள வருது. அந்தி சாயச் சாய ஸ்டில் கேமராவோட பலம் கூடிக்கிட்டே போகுது. அதுக்கு மேல ஒவ்வொரு ஃப்ரேமும் ஒரு முழு போட்டோ, 2 கோடி பிக்சல், அந்த மொத்தத்துல நல்லா விழுந்த ஒண்ணைத் தனியா எடுத்து பிரிண்ட் போட்டுக்கலாம். அலமாரியில தூங்குற பத்து வருஷப் பழைய கேமராகூட இதுக்குப் போதும், ஆனா அதோட வீடியோ அந்தி இருட்டுல அவ்வளவு நல்லா இருக்காது.

கேமராவே வேணும்னுகூட இல்ல, பொறுமைதான். 1883 ஆகஸ்ட்ல கிரகடோவா எரிமலை வெடிச்சப்போ அந்தத் தூசி உலகம் முழுக்கப் பரவி மாசக்கணக்குல அந்தி வானம் எங்க பார்த்தாலும் ரத்தச் சிவப்பா இருந்துச்சாம். லண்டன்ல செல்சியில வில்லியம் ஆஸ்கிராஃப்ட்னு ஒரு ஓவியர், தேம்ஸ் ஆத்துக் கரையில உக்காந்து அந்த வானத்தை பேஸ்டல்ல வரைஞ்சாரு, ஒரு சாயங்காலத்துக்கு ஒரு படம்னு இல்ல, கலர் மாற மாற ஒண்ணு முடிஞ்சதும் அடுத்தது. மொத்தம் 500க்கும் மேல. 1888ல ராயல் சொசைட்டிங்கிற லண்டன் அறிவியல் சங்கம் அந்த எரிமலையைப்பத்தி ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டப்போ 1883 நவம்பர் 26 சாயங்காலம் அவர் வரைஞ்ச படங்களைத்தான் முகப்புல போட்டாங்க. அந்தப் படங்களை வரிசையாப் பார்த்தப்போ எனக்குத் தோணினது இதுதான், இந்த மனுஷன் கையால டைம்லாப்ஸ் எடுத்திருக்காரு. அவர் முக்கியமா வரைஞ்சது சூரியன் மறைஞ்சதுக்கு அப்புறம் வந்த வெளிச்சத்தைங்கிறதையும் கவனிங்க.

எத்தனை செகண்டுக்கு ஒண்ணுங்கிற இடத்துல புதுசா ஆரம்பிக்கிறவங்க எல்லாருமே தடுமாறுவாங்க. உங்க குறிப்புல பத்து செகண்டுன்னு ஒரே எண் போட்டிருந்தீங்க, ஆனா அது மேகத்தைப் பொறுத்தது. மேகம் வேகமா ஓடிக்கிட்டிருந்தா 2, 3 செகண்டு, சாதாரணமா 5 செகண்டு, அசையவே மாட்டேங்குதுன்னா பத்து. வேகமா ஓடுற மேகத்தைப் பத்து செகண்டுக்கு ஒரு தடவை எடுத்தா வீடியோவுல அது தத்தித் தத்திக் குதிக்கும், பார்க்கிறவங்களுக்குத் தலை வலிக்கும். சந்தேகமா இருந்தா குறைச்ச இடைவெளியே வைங்க, அதிகமா எடுத்துட்டா ரெண்டுல ஒண்ணைக் கழிச்சுடலாம், எடுக்காததை எங்க போய்த் தேடுறது. மறைய ஒரு அரை மணி நேரம் முன்னாடி ஆரம்பிச்சு மறைஞ்சு 40 நிமிஷம் வரைக்கும் விட்டா மொத்தம் 70 நிமிஷம், 4,200 செகண்டு, 5 செகண்டுக்கு ஒண்ணுன்னா 840 போட்டோ, வீடியோவுல 33 செகண்டு சொச்சம். மணிக்கணக்கா நின்னு எடுத்தது அரை நிமிஷம்தானான்னு நினைக்காதீங்க, நல்லா எடுத்த அரை நிமிஷத்தை ஜனங்க திரும்பத் திரும்பப் பார்ப்பாங்க.

கேமராவுல தானா நடக்கிறது எதுவும் இருக்கக்கூடாது, இதை உங்க குறிப்பு தொடவே இல்ல. கலரைச் சரிக்கட்டுற ஒயிட் பேலன்ஸை ஆட்டோவுல விட்டா கேமரா அந்த ஆரஞ்சு கலரை ஏதோ தப்புன்னு நினைச்சுத் திருத்தி வெள்ளையாக்கப் பார்க்கும், நாம எதைப் பிடிக்க வந்தோமோ அதையே அழிச்சுடும், அதுவும் படத்துக்குப் படம் வேற வேற அளவுல. டேலைட்ல வச்சுட்டுத் தொடாதீங்க. ஃபோகஸும் அப்படித்தான், தூரத்துல இருக்கிற ஏதாவது ஒரு விளிம்புல ஃபோகஸ் பண்ணிட்டு உடனே மேனுவலுக்கு மாத்திடணும். இதை மறந்துட்டு ஒரு தடவை நான் பட்ட பாடு இருக்கே, எல்லாம் அருமையாப் போய்க்கிட்டு இருந்துச்சு, இருட்ட ஆரம்பிச்சதும் லென்ஸுக்கு ஃபோகஸ் கிடைக்கல, முன்னயும் பின்னயும் உறுமிக்கிட்டே இருந்துச்சு, ஃபோகஸ் கிடைக்காம ஷட்டர் அடிக்க மாட்டேன்னு கேமரா நின்னுடுச்சு, கடைசி கால் மணி நேரம் ஒரு படம்கூட இல்ல. அன்னைக்கு வானம் நல்லா இருந்த நாளுங்க, இன்னும் வருத்தம் போகல. லென்ஸ்ல ஆட்டம் தடுக்கிற ஸ்டெபிலைசர் இருந்தா ட்ரைபாட்ல வைக்கும்போது அதையும் அணைச்சுடுங்க. ஷட்டரை ரொம்ப நேரம் திறந்து எடுக்கிற போட்டோவுல புள்ளியைக் குறைக்கிற நாய்ஸ் ரிடக்‌ஷன்னு ஒண்ணு மெனுவுக்குள்ள இருக்கும், அதையும். அது 2 செகண்டு போட்டோவுக்கு இன்னொரு 2 செகண்டு எடுத்துக்கும், 5 செகண்டு இடைவெளியில கார்டுல எழுதுற நேரமும் சேர்ந்தா நடுநடுவுல படம் விட்டுப் போயிடும்.

எக்ஸ்போஷருக்கு, அதாவது எவ்வளவு வெளிச்சத்தை உள்ள விடறதுங்கிறதுக்கு வர்றேன், கஷ்டமே இங்கதான். முதல் தடவை செய்யறவங்களுக்கு நான் சொல்றது, எல்லாத்தையும் மேனுவல்ல நிறுத்தி வச்சுட்டு மாத்தாதீங்க. ஐஎஸ்ஓ 100, லென்ஸோட திறப்பு எஃப் 8, சூரியன் அடிவானத்துக்குக் கொஞ்சம் மேல இருக்கும்போது மேகத்தோட கலர் நல்லா தெரியற மாதிரி ஷட்டரை வச்சுக்குங்க, ஆரம்பத்துல கொஞ்சம் வெளுப்பாவும் கடைசியில இருட்டாவும் இருக்கும், ஆனா இருட்டுறது இயல்பா இருட்டும், சடக்குன்னு எங்கயும் ஏறி இறங்காம. ஒண்ணு ரெண்டு தடவை இப்படி எடுத்துக் கை பழகினதும் அந்தியோட கடைசி வரைக்கும் பிடிக்கணும்னு ஆசை வரும், அப்போ வெளிச்சம் குறையக் குறைய நாமளும் ஷட்டரை நீட்டிக்கிட்டே போகணும். டயல்ல ஒரு கிளிக்குங்கிறது ஒரு ஸ்டாப்ல மூணுல ஒரு பங்கு, மறைஞ்சதுக்கு அப்புறம் கிட்டத்தட்ட நிமிஷத்துக்கு ஒரு கிளிக் திருப்ப வேண்டியிருக்கும், கேமரா ஒரு மயிரிழை அசையாம. திருப்பின இடத்துல எல்லாம் வீடியோவுல வெளிச்சம் சடக்குன்னு ஏறும், அதைச் சமப்படுத்த எல்ஆர்டைம்லாப்ஸ் மாதிரி இதுக்குன்னே சாஃப்ட்வேர் இருக்கு, ஆனா அதுக்கு சென்சார்ல விழுந்ததை அப்படியே வைக்கிற ரா ஃபைலா எடுத்திருக்கணும், சுருக்கி வைக்கிற ஜேபெக்ல அவ்வளவு இழுத்தா கலர் பட்டை பட்டையா உடைஞ்சுடும். திறப்பை மட்டும் நாம வச்சுட்டு ஷட்டரை கேமராகிட்ட விடற அபெர்ச்சர் பிரையாரிட்டியில விட்டுட்டா கேமராவே பார்த்துக்கும்னு சிலர் சொல்வாங்க. சூரியன் ஃப்ரேமுக்குள்ள இருக்கிற வரைக்கும் அதை நான் நம்ப மாட்டேன், ஏன்னா சூரியன் ஒரு மேகத்துக்குப் பின்னாடி போயிட்டு வெளிய வந்தா போதும், வெளிச்சத்தை அளக்கிற மீட்டர் பயந்துபோய் படம் பூராவையும் இருட்டாக்கும், மறைஞ்சா திரும்ப ஏத்தும், வானமே மூச்சு வாங்குற மாதிரி ஆயிடும். பழைய டிஎஸ்எல்ஆரா இருந்தா நாம கண்ணை எடுத்ததும் வ்யூஃபைண்டர் வழியா பின்பக்க வெளிச்சம் உள்ள போயும் மீட்டரைக் குழப்பும், அதை ஒரு கருப்புத் துணி போட்டு மூடணும்.

எல்லாத்தையும் மேனுவல்ல வச்சாலும் ஒரு மெல்லிசான துடிப்பு இருக்கும், இதுக்குக் காரணம் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருஷம் ஆச்சு. லென்ஸுக்குள்ள திறப்பைச் சின்னதாக்குற அபெர்ச்சர் இதழ்கள் ஒவ்வொரு போட்டோவுக்கும் மூடித் திறக்குது, எஃப் 8க்கோ எஃப் 11க்கோ மூடும்போது ஒவ்வொரு தடவையும் அச்சு அசலா அதே இடத்துல நிக்கிறதில்ல, நூல் அளவு முன்ன பின்ன நிக்கும், ஒரு போட்டோவுல யாருக்கும் தெரியாத வித்தியாசம் 25 போட்டோவை ஒரு செகண்டுல ஓட்டும்போது படபடன்னு தெரியுது. லென்ஸை முழுசாத் திறந்து வச்சு எடுத்தா இதழே அசையாது, துடிப்பும் இல்ல. இல்லேன்னா லென்ஸ் மேலயே அபெர்ச்சர் வளையம் இருக்கிற பழைய மேனுவல் லென்ஸ் கிடைச்சா விடாதீங்க, கேமரா இதழை அசைக்காத மாதிரி மாட்டினா அது திருப்பி வச்ச இடத்துல அப்படியே நிக்கும், இந்த வேலைக்குப் புது லென்ஸை விட அதுதான் ஒசத்தி. நான் இப்போ அப்படி ஒரு லென்ஸைத்தான் வச்சிருக்கேன், அதை மாட்டுற வரைக்கும் நான் எடுத்த எல்லாத்துலயும் அந்தத் துடிப்பு இருந்துச்சு. முழுசாத் திறந்தா ஷட்டர் வேகமா ஆகும், 1/1000, 1/2000ன்னு, அப்போ அலை, மரக்கிளை, ஆளுங்க நடமாட்டம் எல்லாம் வெட்டி வெட்டித் தெரியும், அதுக்காக இருட்டுக் கண்ணாடி மாதிரி இருக்கிற என்டி ஃபில்டர் போட்டு ஷட்டரை நீட்டுறவங்க உண்டு. வெறும் மேகமும் வானமும்னா அதெல்லாம் வேண்டாம்கிறது என் அபிப்ராயம், மேகத்துக்கு விளிம்பே மெத்துன்னுதான் இருக்கு.

ட்ரைபாட் பத்தி ரொம்ப சொல்ல வேண்டியதில்ல, கால் உறுதியா நிக்கணும், காத்தடிச்சா நடுவுல பையைத் தொங்க விடுங்க, கேமரா வாரைக் கழட்டிடுங்க, அது காத்துல படபடத்தே படத்தை ஆட்டிடும். முழு சார்ஜ், காலி கார்டு, பின்பக்கத் திரையை அணைச்சு வைக்கிறது, இவ்வளவுதான். 840 ஜேபெக் போட்டோன்னா சுமார் 7, 8 ஜிபி வரும், ரான்னா அதைப்போல மூணு மடங்கு. மெக்கானிக்கல் ஷட்டருக்கு ஆயுசு ஒண்ணு ரெண்டு லட்சம் கிளிக்னு கம்பெனிங்க சொல்றாங்க, ஒரு சாயங்காலத்துக்கு 840 போறதால கேமராவுல எலக்ட்ரானிக் ஷட்டர் இருந்தா அதையே போட்டுக்குங்க, சத்தமும் இருக்காது. குறிச்ச நேரத்துக்கு ஒண்ணுன்னு தானா எடுக்கிற வசதி நிறைய கேமராவுல மெனுவுலயே இன்டர்வல் டைமர்னு இருக்கும், நிறைய பேர் அது இருக்கிறதே தெரியாம வச்சிருக்காங்க. இல்லேன்னா வெளிய மாட்டுற இன்டர்வலோமீட்டர். கேனானோட பழைய பவர்ஷாட் சின்ன கேமராக்கள்ல பலதுக்கு சிஎச்டிகேன்னு ஒரு இலவச புரோகிராம் இருக்கு, மெமரி கார்டுல போட்டா போதும், கேமராவோட சொந்த சாஃப்ட்வேரை அது மாத்தாது, கார்டை எடுத்துட்டா பழையபடி ஆயிடும். நான் ஆரம்பிச்சதே அப்படி ஒரு சின்ன கேமராவுலதான்.

வீட்டுக்கு வந்து போட்டோவை எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தி இமேஜ் சீக்வென்ஸா, அதாவது வரிசையான படங்களா, திறந்தா பெரும்பாலான எடிட்டிங் சாஃப்ட்வேர் வீடியோவாக்கிடும், எஃப்எஃப்எம்பெக்ங்கிற சாஃப்ட்வேர் இலவசம்தான். ஒரே ஒரு இடத்துல ஏமாந்துடாதீங்க. கேமரா போட்டோவுக்கு எண் போட்டுக்கிட்டே வந்து 9999 ஆனதும் திரும்ப 0001ல ஆரம்பிக்கும், ஒரு தடவை எனக்கு நடுவுல அந்தத் திருப்பம் வந்து வீடியோ பாதியில நின்னுச்சு, மீதி 400 போட்டோ அழிஞ்சு போச்சுன்னே நினைச்சு ராத்திரி தூக்கமே வரல, காலையில பார்த்தா எல்லாம் பத்திரமா வேற ஃபோல்டர்ல இருக்கு. எடுத்த நேர வரிசையில முதல்ல எண்ணை மாத்திட்டு அப்புறம் சேருங்க. டிஎஸ்எல்ஆர் போட்டோ பெரும்பாலும் 3க்கு 2 வடிவம், வீடியோ 16க்கு 9, அதனால 6000க்கு 4000 பிக்சல் போட்டோவுல உயரம் 3375தான் மிஞ்சும், மேலயும் கீழயும் சேர்த்து கிட்டத்தட்ட ஆறுல ஒரு பங்கு வெட்டுப்படும், எடுக்கும்போதே அதுக்கு இடம் விட்டு எடுங்க. 4கே வீடியோவுக்கு 3840 பிக்சல் அகலம் போதும்ங்கிறதால மீதி இருக்கிற இடத்துல படத்தை மெல்ல நகர்த்திக்கவும் முடியும், கேமரா அசையாம நின்னு எடுத்ததுல ஒரு அசைவு கிடைக்கும். ஃப்ரேமைப் பக்கவாட்டுல வைக்கும்போதும் யோசிங்க, வடக்கு அரைக்கோளத்துல சூரியன் இறங்க இறங்க வலது பக்கமா சாயும், தெற்குல இடது பக்கமா, அந்தப் பக்கம் இடம் விடணும். நேர் மேற்குல மறையறது வருஷத்துல ரெண்டே தடவை, மார்ச்லயும் செப்டம்பர்லயும், மத்த நாள்ல எங்க இறங்குதுன்னு முந்தின நாளே போய்ப் பார்த்து வச்சுக்கறது நல்லது.

தூரத்துல இருக்கிறதைப் பெருசாக் காட்டுற டெலிலென்ஸ்ல பெரிய சூரியனா எடுக்கணும்னு ஆசைப்படறவங்களுக்கு மட்டும் கணக்கு மாறும். சாதாரண டிஎஸ்எல்ஆர்ல 200 எம்எம் லென்ஸ் போட்டா ஃப்ரேமோட உயரம் நாலரை டிகிரிதான், சூரியன் செங்குத்தா இறங்கினா அதை 18 நிமிஷத்துல கடந்துடும், அதனால இடைவெளி 1, 2 செகண்டுக்குக் குறையணும். சூரியன் கீழ போகப் போக நசுங்கி முட்டை மாதிரி ஆகுறதையும், அடிவானம் சுத்தமா இருக்கிற நாள்ல கடைசி விளிம்பு ஒரு நொடி பச்சையா மின்னுறதையும் அதுலதான் பிடிக்க முடியும்.

இங்கதான் சார் உங்க குறிப்புல ஒரு பெரிய ஓட்டை. வ்யூஃபைண்டர்ல கண்ணை வச்சு சூரியனை ஃப்ரேமோட நடுவுல கொண்டு வரணும்னு எழுதியிருந்தீங்க. கண்ணாடி வழியா நேராப் பார்க்கிற டிஎஸ்எல்ஆர்ல, அதுவும் டெலிலென்ஸ் போட்டுட்டு, மறைய அரை மணி நேரம் முன்னாடி இருக்கிற சூரியனைப் பார்த்தா லென்ஸ் அந்த வெளிச்சத்தை எல்லாம் குவிச்சு விழித்திரையில கொண்டுபோய் வைக்கும். விழித்திரைக்கு வலி தெரியற நரம்பு கிடையாது, சுடறது தெரியாமலே சுட்டுடும். என்டி ஃபில்டர் போட்டிருக்கோமேன்னும் பார்க்கக் கூடாது, அது கண்ணுக்குத் தெரியற வெளிச்சத்தைக் குறைக்கும், அகச்சிவப்புக் கதிரை உள்ள விட்டுடலாம். செவப்பா மங்கலா இருக்கேங்கிறதும் பாதுகாப்பு இல்ல. ஃப்ரேம் வைக்கிறது எல்லாம் பின்பக்கத் திரையில லைவ் வ்யூவுல பார்த்துதான் செய்யணும், அதுலயும் உச்சி வெயில்ல டெலிலென்ஸை சூரியனைப் பார்த்தே நிறுத்தி வச்சா சென்சாரும் ஷட்டர் திரையும் பொசுங்கும், எடுக்கப் போற நேரத்துக்குத்தான் திருப்பணும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்னு நம்ம ஆளுங்க சும்மா சொல்லல. உங்க பேப்பரைப் படிச்சுட்டு எத்தனை வீட்டுப் பசங்க அப்பாவோட கேமராவைத் தூக்கிட்டுக் கிளம்பியிருப்பாங்கன்னு நினைச்சா எனக்கு பகீர்ங்குது.

கடிதப் பகுதியில இவ்வளவு நீளத்துக்கு இடம் இருக்காதுன்னு தெரியும். மேல இருக்கிறதுல எதை வேணும்னாலும் வெட்டிக்குங்க, அந்த வ்யூஃபைண்டர் பத்தியை மட்டும் வர்ற ஞாயித்துக்கிழமை இணைப்புலயே, போன குறிப்பு வந்த அதே இடத்துல, பெரிய எழுத்துல போட்டுடுங்க. இன்னும் ஒரு வரிக்கு இடம் இருந்தா, மறைஞ்சு 40 நிமிஷம் கேமராவை ஓட விடச் சொல்லுங்க.

இப்படிக்கு,
உங்க பேப்பரை தினமும் படிக்கிற ஒரு வாசகர்